குண்டம் திருவிழா (கொங்கு நாடு)

குண்டம் திருவிழா என்பது கொங்கு நாட்டு அம்மன் கோயில்களில் நடைபெறும் தீமிதி விழா ஆகும். திருப்பூருக்கு வடக்கே உள்ள பெருமாநல்லூர் கொண்டத்துக்காளியம்மன் கோயில், சத்தியமங்கலத்தை அடுத்த பண்ணாரி மாரியம்மன் கோயில், கோபிசெட்டிபாளையத்தை அடுத்த பாரியூர் கொண்டத்துக்காளியம்மன் கோயில், மேட்டுப்பாளையம் தேக்கம்பட்டி வனபத்ரகாளியம்மன் கோயில், ஆனைமலை மாசாணியம்மன் கோயில் ஆகியவற்றின் குண்டங்கள் பெயர் பெற்றவை. இவை தவிரச் சிற்றூர்களில் ஊருக்கு ஊர் நடக்கும் குண்டங்கள் பல.

எல்லாக் கோயில்களுக்கும் ஒரே மாதம் இல்லை. பெருமாநல்லூரிலும் பண்ணாரியிலும் பங்குனி, பாரியூரில் மார்கழி, தேக்கம்பட்டியில் ஆடி. ஆயினும் பெரும்பாலான ஊர்களில் வெயில் ஏறத் தொடங்கும் மாசி, பங்குனி, சித்திரை மாதங்களே குண்டத்துக்குரிய காலம். பொதுத்தேர்வும் அதே காலத்தில்தான் வரும். திருப்பூர் வட்டாரப் பள்ளிகளில் பங்குனி மாதத்தில் வகுப்பில் நுழைந்தால் மஞ்சள் கயிறு கட்டிய கைகள்தான் விடைத்தாள் கட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கைகளுக்குரிய மாணவர்கள் கேட்ட கேள்விகளை நினைவில் வைத்தே இக்கட்டுரை எழுதப்படுகிறது. தீயில் நடந்தால் ஏன் சுடுவதில்லை, இப்படி வேறு நாட்டிலும் உண்டா, எல்லோரும் இறங்கலாமா என்ற மூன்றும் அவற்றில் முக்கியமானவை.

சொல்

குண்டம் என்றால் குழி. வேள்விக்கு நெருப்பு வளர்க்கும் குழியும் குண்டம்தான். கொங்குப் பேச்சில் இது 'கொண்டம்' என ஒலிக்கும். கொண்டத்துக்காளி என்ற பெயருக்குத் தீக்குண்டத்துக்கு உரிய காளி என்பது பொருள். வடமாவட்டங்களில் 'தீ மிதித்தல்' என்பார்கள்; இங்கே அப்படிச் சொல்வது குறைவு. 'குண்டம் இறங்குதல்' என்றோ 'பூ மிதித்தல்' என்றோதான் சொல்வார்கள்.

நெருப்பைப் பூ என்று அழைப்பது வெறும் இடக்கரடக்கல் அன்று. விழாவின் சொற்கள் அனைத்திலும் பூ வருகிறது. விழாவுக்கு அம்மனிடம் உத்தரவு பெற்று ஊருக்கு அறிவிப்பது பூச்சாட்டு. கையில் ஏந்தும் தீச்சட்டி பூவோடு. குண்டத்தில் நெருப்பு இடுவது பூப்போடுதல். ஆனைமலையில் ஆண்கள் குண்டம் இறங்க, பெண்கள் 'பூ அள்ளுவார்கள்'. அதாவது தணலைக் கையால் அள்ளிப் போடுவார்கள். பண்ணாரியில் குண்டத்துக்கு இடும் விறகுக்குக்கூடத் தனிப்பெயர் உண்டு: எரிகரும்பு. எரிவதைக் கரும்பு என்றும் தகிப்பதைப் பூ என்றும் சொல்லப் பழகியிருக்கிறார்கள் இம்மக்கள். திருவிழாவைக் குறிக்கும் கொங்குச் சொல் 'நோம்பி'. நோன்பு என்பதிலிருந்து வந்த இச்சொல்லில் விருந்தை விட விரதத்துக்கே முதலிடம் இருப்பதைக் கவனிக்கலாம்.

நோம்பி நடைபெறும் முறை

ஊருக்கு ஊர் சிறு வேறுபாடுகள் உண்டென்றாலும் பொதுப்போக்கு ஒன்றே. முதலில் பூச்சாட்டு. அடுத்து மாரியம்மன் கோயில்களில் கம்பம் நடுவார்கள். முக்கிளையாகப் பிரியும் மரத்தை வெட்டி வந்து அம்மன் சன்னதிக்கு எதிரே நடுவதே கம்பம். அது அம்மனின் கணவனாகக் கருதப்படும். நாள்தோறும் பெண்கள் குடங்களில் மஞ்சள் நீரும் வேப்பிலையும் கொண்டுவந்து கம்பத்துக்கு ஊற்றுவார்கள். இரவில் பறையும் தவிலும் முழங்க இளைஞர்கள் கம்பத்தைச் சுற்றி ஆடுவார்கள். உடுமலை, பொள்ளாச்சிப் பக்கங்களில் கம்பத்தின் மேல் பூவோடு வைப்பார்கள். அதில் எரியும் நெருப்பு நோம்பி முடியும்வரை அணையாதபடி பார்த்துக்கொள்ளப்படும். இந்த நெருப்பை நினைவில் கொள்க. பின்னர் இதனோடு ஒப்பிட ஒன்று வரும்.

கம்பம் நட்டபின் ஊருக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. ஊர் எல்லையைத் தாண்டி இரவு தங்கக்கூடாது. மங்கல நிகழ்ச்சிகள் வைப்பதில்லை. வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைத்துப் பலகாரம் சுடுவதில்லை. சில வீடுகளில் தாளிப்பதுகூட இல்லை. வெயிலும் அம்மையும் சேர்ந்து வரும் காலத்தில் ஊரே ஒரு வகைத் தனிமைப்படுத்தலில் இருந்தது என்று இதனைப் பொருள்கொள்வோர் உண்டு. அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை செருகுவதும், வெளியார் நுழையாமல் இருப்பதும், தாளிப்பு நெடி வராமல் பார்ப்பதும் இதே ஒழுங்கைச் சேர்ந்தவை. பெரியம்மை இந்தியாவில் 1975ஆம் ஆண்டோடு முடிந்தது. 1980இல் உலகிலிருந்தே ஒழிந்ததாக உலக நலவாழ்வு நிறுவனம் அறிவித்தது. அம்மை போனபின்னும் அம்மன் இருக்கிறாள். மழை, பிள்ளைப்பேறு, கடன், வழக்கு, வேலை என வேண்டுதல்கள் மாறிக்கொண்டன.

குண்டம் இறங்க வேண்டிக்கொண்டோர் கையில் காப்புக் கட்டி, மஞ்சள் ஆடை உடுத்தி, புலால் நீக்கி விரதம் இருப்பர். குண்டத்துக்கு முந்திய நாள் விறகு அடுக்கித் தீ மூட்டுவார்கள். பெருமாநல்லூர்க் குண்டம் சுமார் 60 அடி நீளம் உடையது. அங்கே குண்டம் திறந்து பூப்போடுதல் என்பதே ஒரு தனி நிகழ்ச்சி. இரவெல்லாம் எரிந்து விறகு தணலாகும். விடியற்காலையில் நீண்ட மூங்கில்களால் தட்டிச் சமப்படுத்துவார்கள். அருகில் நிற்க முடியாத அனல் அடிக்கும். பூசாரி நீராடி வந்து பூசை செய்து, பூச்செண்டைத் தணலின் மேல் உருட்டிவிட்டு முதலில் இறங்குவார். அவருக்குப் பின் மற்றவர்கள். கூட்டம் மிகுந்த கோயில்களில் காலையில் தொடங்கிய வரிசை பல மணி நேரம் நீளும். அதன்பின் பொங்கல், மாவிளக்கு, மஞ்சள் நீராட்டு, மறுபூசை என நோம்பி முடிவுக்கு வரும். ஈரோடு பெரிய மாரியம்மன் கோயிலில் கம்பத்தைப் பிடுங்கி ஊர்வலமாக எடுத்துச் சென்று நீரில் விடும் நாளில் நகரமே மஞ்சள் நீரில் நனையும்.

பண்ணாரியின் சிறப்புகள் சில. அக்கோயில் திம்பம் மலையடிவாரக் காட்டில், மைசூர் செல்லும் சாலையில் உள்ளது. திருநீற்றுக்குப் பதில் புற்றுமண் கொடுப்பார்கள். குண்டத்துக்கு முன் அம்மனின் சப்பரம் சுற்றுவட்டக் கிராமங்களுக்குப் பல நாள் உலா வரும். மண்ணில் படுத்திருக்கும் பக்தர்களைத் தாண்டிச் செல்லும். மலைவாழ் மக்களின் பீனாட்சி வாத்தியம் அங்கே ஒலிக்கும். மனிதர்கள் இறங்கி முடித்தபின் உழவர்கள் தம் ஆடுமாடுகளைக் குண்டத்தில் ஓட்டுவார்கள். நோயின்றி இருக்க வேண்டும் என்பதே நோக்கம்.

பழைய சான்று ஒன்று

குண்டம் எப்போது தொடங்கியது என்பதற்கு ஆண்டு சொல்ல இயலாது. கோயில் வரலாற்றுச் சிறுநூல்களில் வரும் ஆண்டுகளை மாணவர்கள் அப்படியே எடுத்து எழுத வேண்டாம். ஆனால் கொங்கு நாட்டில் பெண் தெய்வத்துக்கு மழை வேண்டி விழா எடுத்ததற்கு மிகப் பழைய குறிப்பு ஒன்று உண்டு. சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரை, மதுரை எரிந்தபின் பாண்டிய நாட்டில் மழை பொய்த்து வறுமையும் நோயும் வந்ததையும், வெற்றிவேற்செழியன் கண்ணகிக்குச் சாந்தி செய்ததையும் கூறுகிறது. அதைக் கேட்டுக் கொங்கிளங்கோசர் தம் நாட்டிலும் அந்நங்கைக்கு விழா எடுத்தனர் என்றும், மழை தவறாது பெய்தது என்றும் தொடர்கிறது. நெருப்பால் சினம் காட்டிய பெண், அவளைக் குளிர்விக்க ஒரு விழா, அதன் பயனாக மழை ஆகிய மூன்றும் அங்கே ஒருசேர நிற்கின்றன. தீமிதி பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. எனவே 'சிலப்பதிகாரக் காலத்திலேயே குண்டம் இருந்தது' என்று எழுதுவது தவறு. அம்மனின் வெப்பம், அதைத் தணிக்கும் வழிபாடு என்ற எண்ணம் இம்மண்ணில் பழையது என்று மட்டும் சொல்லலாம்.

அயர்லாந்தின் பிரிகித்

தீயோடு தொடர்புடைய பெண் தெய்வம் நமக்கு மட்டும் உரியது அன்று. ஐரோப்பாவின் மேற்கு ஓரத்தில், கெல்திய மொழி பேசிய அயர்லாந்து மக்களிடம் பிரிகித் என்ற தெய்வம் இருந்தாள். கோர்மாக்கின் சொற்பொருள் நூல் எனப்படும் இடைக்கால ஐரிய அகராதி, அவளைத் தாக்தா என்ற தெய்வத்தின் மகள் என்கிறது. பிரிகித் என்ற பெயரிலேயே மூன்று சகோதரிகள்: ஒருத்தி புலவர்களுக்கு, ஒருத்தி மருத்துவத்துக்கு, ஒருத்தி கொல்லர்களுக்கு. கவிதை, மருந்து, உலை மூன்றையும் ஒரே பெயரில் அடக்கியிருப்பது அழகான எண்ணம். பிரிகித் என்ற சொல்லுக்கு 'உயர்ந்தவள்' என்பது பொருள். வடமொழியின் 'பிருகதீ' என்பதோடு வேர் உறவு உடையது.

கிறித்தவம் பரவியபின் அதே பெயரில் ஒரு புனிதர் போற்றப்பட்டார். புனித பிரிகித் கி.பி. 525 அளவில் மறைந்ததாகக் கூறப்படுகிறது. அவர் மடம் அமைந்த ஊர் கில்டேர். கருவாலி மரத்தின் கோயில் என்பது அப்பெயரின் பொருள். தெய்வத்தின் பண்புகளில் எவை புனிதருக்கு வந்தன, புனிதரின் கதைகளில் எவை பின்னாளில் தெய்வத்தின் மேல் ஏற்றப்பட்டன என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு.

12ஆம் நூற்றாண்டில் அயர்லாந்து சென்ற வேல்ஸ் நாட்டு ஜெரால்டு என்ற பாதிரியார், கில்டேரில் கண்டும் கேட்டும் எழுதிய செய்தி சுவையானது. அங்கே ஒரு நெருப்பு அணையாமல் காக்கப்பட்டது. 19 கன்னியர் முறைவைத்து ஆளுக்கு ஓர் இரவு அதைக் காத்தனர். 20ஆம் இரவு யாரும் காவல் இருப்பதில்லை. அன்றைக்குரிய விறகை வைத்துவிட்டு, 'பிரிகித், இது உன் முறை' என்று விட்டுவிடுவார்கள்; காலையில் நெருப்பு எரிந்துகொண்டிருக்கும். அவ்வளவு விறகு எரிந்தும் சாம்பல் சேர்ந்ததில்லை என்றும், நெருப்பைச் சுற்றிய வேலிக்குள் ஆண்கள் நுழையக்கூடாது என்றும் அவர் எழுதினார். 16ஆம் நூற்றாண்டில் எட்டாம் ஹென்றி மடங்களை ஒழித்தபோது அம்மரபும் முடிந்தது. 1993இல் பிரிகிதைன் சபைக் கன்னியர் கில்டேரில் அந்நெருப்பை மீண்டும் ஏற்றினர். பிரிகிதின் நாள் பிப்ரவரி 1. பழைய கெல்திய நாள்காட்டியில் அது 'இம்போல்க்' என்னும் இளவேனில் தொடக்க விழா. 2023 முதல் அயர்லாந்து அரசு பிரிகிதின் பெயரால் பொது விடுமுறை அளிக்கிறது.

துணித் தொழிலில் இருக்கும் திருப்பூர் வாசகர்களுக்கு இன்னொரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும். பிரிகிதின் நாளுக்கு முந்திய இரவு ஒரு துண்டுத் துணியை வீட்டுக்கு வெளியே போட்டுவைப்பார்கள். அவ்வழியே செல்லும் பிரிகித் அதைத் தொட்டு வாழ்த்துவாள் என்பது நம்பிக்கை. அத்துணியை ஆண்டு முழுதும் பத்திரப்படுத்தித் தலைவலிக்கும் பேறுகாலத்துக்கும் பயன்படுத்துவர். காப்புக் கட்டிய மஞ்சள் துணியை அவிழ்த்தபின் குப்பையில் போடாத நம் வீடுகளுக்கு இது புதிதாகத் தோன்றாது.

மே மாதத் தொடக்கத்தில் வரும் பெல்தேன் என்ற விழா இதைவிட நெருங்கி வருகிறது. துரூயிதுகள் என்னும் கெல்திய குருமார் இரண்டு பெருநெருப்புகளை மூட்டி, நோய் வராதிருக்க ஆடுமாடுகளை அவற்றின் இடையே ஓட்டச் செய்தனர் என்று அதே கோர்மாக் நூல் கூறுகிறது. பண்ணாரியை நினைத்துக்கொள்ளலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இப்படிப்பட்ட ஒற்றுமைகளைக் கண்டதும் 'கெல்தியர் தமிழரே' என்றோ 'தமிழகத்துக்கு இது அங்கிருந்து வந்தது' என்றோ எழுதிவிடும் பழக்கம் இணையத்தில் பெருகியுள்ளது. மாடு வளர்க்கும் மக்கள் மாட்டுக்கு நோய் வராதிருக்க நெருப்பை நாடுவதற்கு இரத்த உறவு தேவையில்லை. புகை பூச்சிகளை விரட்டும் என்பதை அறிய ஒரே ஊரில் பிறந்திருக்க வேண்டியதும் இல்லை.

இன்றைய துரூயிதுகள்

பழைய துரூயிதுகள் தம் கல்வியை எழுத்தில் வைக்கவில்லை. சிலர் 20 ஆண்டுகள் வரை மனப்பாடமாகவே பயின்றனர் என்று ஜூலியஸ் சீசர் எழுதியிருக்கிறார். எழுதாததால், மரபு அறுந்தபோது அறிவும் போயிற்று. இன்று துரூயிது எனத் தம்மைச் சொல்லிக்கொள்வோரின் சடங்குகள் பழையவற்றின் நேர்த்தொடர்ச்சி அல்ல. 1792இல் இயோலோ மோர்கன்வக் என்ற வேல்ஸ் புலவர் இலண்டன் பிரிம்ரோஸ் குன்றில் புலவர் கூட்டம் ஒன்றை நடத்தினார். தொன்மையானது என அவர் வெளியிட்டவற்றில் பல அவரே எழுதியவை எனப் பின்னர் தெரிந்தது. 1964இல் ராஸ் நிக்கல்ஸ் இங்கிலாந்தில் பாணர், நிமித்திகர், துரூயிதுகள் சங்கத்தை நிறுவினார். 1983இல் ஐசக் போன்விட்ஸ் அமெரிக்காவில் வேறோர் அமைப்பைத் தொடங்கினார். 2010இல் துரூயிது வலையம் என்ற அமைப்பை இங்கிலாந்தின் அறக்கொடை ஆணையம் சமய அறநிறுவனமாக ஏற்றது.

அமெரிக்க அமைப்பின் உள்ளூர்க் குழுவுக்குப் பெயர் 'தோப்பு'. ஆண்டுக்கு எட்டு விழாக்களில் கூடுவார்கள். நடுவில் நெருப்பு வளர்ப்பார்கள். அவரவர் கொண்டுவந்த உணவைப் பகிர்ந்து உண்பார்கள். பிரிகிதை வணங்குவோரில் சிலர் கில்டேர் முறையைப் பின்பற்றி, வெவ்வேறு நாடுகளில் இருந்தபடியே 19 பேர் ஆளுக்கு ஒரு நாள் தம் வீட்டில் விளக்கேற்றி, 20ஆம் நாளைப் பிரிகிதுக்கு விடுகிறார்கள். உடுமலையில் கம்பத்துப் பூவோட்டுக்கு விறகிடும் பெண்ணுக்கு அவர்கள் செய்வது புரியும். ஆனால் அவளுக்கு அது பிறந்த ஊரோடு வந்தது. அவர்களோ ஊர் இல்லாமல், தேடிச் சேர்ந்து, முறையை உண்டாக்கிக்கொண்டவர்கள். மரபு அறுந்த இடத்தில் மனிதர்கள் அதைக் கட்டியெழுப்பப் படும் பாட்டைப் பார்க்கும்போது, அறுபடாமல் கிடைத்த நாம் அதை எப்படி வைத்திருக்கிறோம் என்ற கேள்வி எழாமல் இல்லை. அதற்குப் பிறகு வருவோம்.

ஏன் சுடுவதில்லை, எப்போது சுடும்?

பக்தர்கள் இதை அம்மன் அருள் என்பர். அந்நம்பிக்கையில் தலையிடாமலே இயற்பியல் சொல்வதைக் கேட்கலாம். வெப்பநிலை வேறு, வெப்பம் கடத்தும் திறன் வேறு. கரி அடைத்த பழைய இஸ்திரிப் பெட்டியை எண்ணிப் பாருங்கள். உள்ளே கிடக்கும் தணல் அடிப்பாகத்தை விடச் சூடானது. ஆனால் அடிப்பாகத்து இரும்பை ஒரு நொடி தொட்டாலே தோல் வெந்துவிடும். சிதறி விழுந்த தணலை நம் பாட்டிமார் விரலால் எடுத்து அடுப்பில் போடுவார்கள். கரியும் சாம்பலும் வெப்பத்தை மிக மெதுவாகவே கடத்துவன. இரும்பு விரைவாகக் கடத்தும்.

இனிக் கணக்கு. 60 அடிக் குண்டத்தில் அடிக்கு இரண்டரை அடி தூரம் வைத்தால் 24 எட்டு. ஓர் எட்டுக்கு அரை நொடி என்றால் 12 நொடியில் கடந்துவிடலாம். ஒவ்வொரு பாதமும் தணலைத் தொடுவது 12 முறை. ஒவ்வொரு முறையும் அரை நொடி அளவே. இடையில் பாதம் காற்றில் இருக்கிறது. விறகு நன்றாக எரிந்து தழல் அடங்கி, மேலே மெல்லிய சாம்பல் படிந்திருந்தால் அந்நேரத்தில் தோல் வேகும் அளவு வெப்பம் ஏறுவதில்லை. 1935இல் காஷ்மீரைச் சேர்ந்த குதா பக்ஷ் என்பவர் இங்கிலாந்தில் ஆய்வாளர்கள் முன்னிலையில் தணலில் நடந்து காட்டினார். தொடர்ந்த சோதனைகளில் எந்த விரதமும் இல்லாத ஆங்கிலேயர் சிலரும் நடந்தனர்.

இந்த விளக்கத்தைப் படித்துவிட்டு வீட்டில் முயன்று பார்க்கக் கூடாது. ஏனெனில் இதே இயற்பியல்தான் எப்போது சுடும் என்பதையும் சொல்கிறது. ஓடினால் பாதம் ஆழமாகப் பதிந்து சாம்பலுக்குக் கீழே உள்ள தணலுக்குள் போகும். நின்றால் தொடும் நேரம் கூடும். முன்னே செல்பவர் தடுமாறினால் பின்னே வருபவரும் விழுவார். குண்டத்தில் நேரும் பெரிய காயங்கள் நடந்ததால் அல்ல, விழுந்ததால் வருபவை. விழும்போது பாதத்துக்குக் கிடைக்கும் அரை நொடிக் கணக்கு உடம்புக்குக் கிடைப்பதில்லை. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்குவது எக்காரணத்தாலும் வேண்டாம்; வேண்டுதல் பெற்றோருடையது, விழுந்தால் குழந்தையும் சேர்ந்து விழுகிறது.

துணியைப் பற்றித் திருப்பூரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பனியன் கம்பெனியில் துணியின் கலப்பை அறிய ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டுவார்கள். பருத்தி தாள் எரியும் மணத்தோடு சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகி மணிபோலத் திரண்டு, பட்ட இடத்தில் ஒட்டிக்கொள்ளும். இதைத் தினமும் செய்து பார்க்கிறவர்களே நோம்பிக்கு விலை மலிவாகக் கிடைக்கும் பளபளப்பான மஞ்சள் பாலியெஸ்டர் சேலையில் குண்டம் இறங்குகிறார்கள். பழைய காலத்தில் பருத்தி வேட்டியும் சேலையும் ஈரத்தோடு உடுத்தப்பட்டன. அந்த வழக்கத்துக்கே திரும்புவது நல்லது.

நீரிழிவு நோயாளிகளும் கவனிக்க வேண்டும். நீண்டநாள் நீரிழிவில் பாதத்தின் உணர்ச்சி குறையும், சுட்டதே தெரியாது. காயம் ஆறவும் நாளாகும். அவர்கள் வேண்டுதலைப் பூவோடாகவோ பொங்கலாகவோ மாற்றிக்கொள்ள எந்தப் பூசாரியும் தடை சொல்லமாட்டார். கொப்புளம் வந்தால் ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டிவிட்டு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மஞ்சள் அப்புவதும், பற்பசை தடவுவதும், 'விரதத்தில் குறை இருந்திருக்கும்' என்று அடிபட்டவரைக் குற்றவாளி ஆக்குவதும் கூடாது. கடைசியாகச் சொன்னது கொப்புளத்தை விட நாள்பட்ட வலி தரும். அதற்கு அஞ்சியே பலர், குறிப்பாக இளம்பெண்கள், காயத்தை மறைத்துக்கொள்கிறார்கள்.

கடல் கடந்த தீமிதி

தீமிதி தமிழரோடு பல நாடுகளுக்குச் சென்றது. அப்படிச் சென்றது பெரும்பாலும் வடமாவட்டங்களின் திரௌபதியம்மன் மரபே. சிங்கப்பூரில் 1827இல் தோன்றிய சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலில் தீபாவளிக்கு முன் ஐப்பசியில் தீமிதி நடக்கும். இலங்கையில் புத்தளம் மாவட்டத்து உடப்பு திரௌபதியம்மன் கோயில் பெயர் பெற்றது. ரீயூனியன், மொரீசியசு, பிஜித் தீவுகளுக்கும், 1860 முதல் தென்னாப்பிரிக்காவுக்கும் கரும்புத் தோட்டக் கூலிகளாகச் சென்றவர்கள் அங்கும் குண்டம் வெட்டினர். கரும்பு வெட்டிய கைகள் எரிகரும்பு அடுக்கியதைத் தனிக் கட்டுரையாகவே எழுதலாம்.

ஊர் என்பது யார்?

ஸ்பெயின் நாட்டில் சான் பெத்ரோ மன்ரீக்கே என்ற சிற்றூரில் ஜூன் மாதப் புனித யோவான் இரவில் தீ மிதிப்பார்கள். அங்கே ஆய்வாளர்கள் நடப்பவர்களுக்கும் பார்ப்பவர்களுக்கும் இதயத் துடிப்பை அளக்கும் கருவி கட்டினர். 2011இல் வெளியான முடிவு இது: தீயில் நடப்பவரின் துடிப்பும், ஓரத்தில் நின்று பார்க்கும் அவருடைய உறவினர், நண்பர்களின் துடிப்பும் ஒத்த போக்கில் ஏறி இறங்கின, தொடர்பில்லாத வெளியூர்ப் பார்வையாளர்களின் துடிப்பு அப்படி ஒத்துப்போகவில்லை. மகள் குண்டம் இறங்கும்போது தாய் ஏன் முந்தானையைக் கடித்துக்கொண்டு நிற்கிறாள் என்பதற்கு எண் வடிவில் ஒரு விடை கிடைத்தது எனலாம். குண்டத்தில் இறங்குபவர் ஒருவர், மிதிப்பவர்கள் பலர்.

அந்தப் பலர் யார் என்பதில்தான் நம் ஊர்களின் சிக்கல் இருக்கிறது. நோம்பி ஊர்ப்பொது என்பார்கள். பானை வனைபவர், பறை அடிப்பவர், விறகு சேர்ப்பவர், பந்தம் பிடிப்பவர் என ஒவ்வொரு சாதிக்கும் ஒரு வேலை வகுக்கப்பட்டிருந்தது. ஆனால் வேலை இருந்த எல்லோருக்கும் உரிமை இருந்ததில்லை. நோம்பிக்கு வீடுதோறும் தலைக்கட்டு வரி வாங்குவார்கள். ஒரு தெருவில் வரி வாங்குவதில்லை என்றால் அது சலுகை அன்று. அந்தத் தெருவை ஊராக எண்ணவில்லை என்பதே பொருள். விடிய விடியப் பறை அடித்துக் குண்டத்தை எழுப்பியவர் குண்டத்தில் இறங்கக் கூடாது என்றிருந்த ஊர்கள் உண்டு. 1947ஆம் ஆண்டின் சென்னை மாகாணக் கோயில் நுழைவுச் சட்டம் எல்லா இந்துக்களுக்கும் கோயிலைத் திறந்தது. இந்து சமய அறநிலையத் துறையின்கீழ் உள்ள பெரிய கோயில்களின் குண்டங்களில் இன்று சாதி கேட்டு வரிசை விடுவதில்லை. சிற்றூர்க் கோயில்களில் வரி வாங்க மறுப்பதும், அதனால் வழக்கும் அமைதிப் பேச்சும் நடப்பதும் இன்னும் முடிந்துவிடவில்லை. தீ எல்லோர் காலையும் ஒன்றாகவே காண்கிறது என்று மேடையில் பேசுவது எளிது. வரிச்சீட்டில் பெயர் எழுதுவது அவ்வளவு எளிதாக இல்லை.

திருப்பூர் வட்டாரத்தில் இக்கேள்விக்கு இன்னொரு முகமும் சேர்ந்துவிட்டது. பெருமாநல்லூர் 1970இல் மின்கட்டண உயர்வை எதிர்த்த உழவர்கள் துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்ட ஊர். அன்று அது காடுதோட்டம் சூழ்ந்த வேளாண் ஊர். இன்று அதைச் சுற்றிப் பனியன் கம்பெனிகளும் தொழிலாளர் குடியிருப்புகளும் நிற்கின்றன. தேனி, மதுரை, திருவாரூர் பக்கத்திலிருந்து வந்து கட்டிங்கிலும் டைலரிங்கிலும் சேர்ந்தவர்கள் தங்கள் ஊர் அக்கினிச்சட்டிப் பழக்கத்தோடு வந்தார்கள். இங்கே பூவோடு என்று சொல்லக் கற்றுக்கொண்டார்கள். பின்னர் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம் தொழிலாளர்கள் வந்தனர். அவர்களில் சிலர் நோம்பிக் கூட்டத்தில் நின்று கைபேசியில் ஊருக்குக் காட்டுகிறார்கள். சாத் பூசைக்கு நொய்யல் பக்கம் இடம் தேடுகிறார்கள். ஊர் எல்லைக்குள் இரவு தங்க வேண்டும் என்ற விதி நைட் ஷிப்ட் பார்ப்பவரை எப்படிக் கட்டும் என்று பெரியவர்கள் பேசித் தீர்த்துக்கொண்டார்கள்: கம்பெனி எல்லைக்குள் இருந்தால் சரி. வாடகை வீட்டில் பத்து ஆண்டாக இருக்கும் வெளிமாவட்டக் குடும்பத்திடம் தலைக்கட்டு வரி வாங்கலாமா என்பதற்கு ஊருக்கு ஊர் விடை வேறாக இருக்கிறது. சில இடங்களில் 'நன்கொடை' என்று வாங்கிக்கொண்டு ரசீது தருகிறார்கள். வரி என்று எழுதுவதில்லை.